முப்பது வருடத் தீட்டு

ஒரு வார்த்தையைச் சொல்லி ஒரு நல்ல சமையல்காரரை அவருடைய அடுப்பிலிருந்து விரட்டிய ஆள் நான். தெரியாமல் செய்தேன் என்று இதை ஆரம்பித்திருக்கலாம். அது பாதிதான் உண்மை. அவரை விரட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை பொருந்தாது என்று தெரிந்தேதான் சொன்னேன். சொன்னதும் சபை சிரித்தது. எழுபதைத் தாண்டியவன் ஒன்றைச் சொல்ல, நாற்பது பேர் அவன் நினைத்த இடத்திலேயே சிரிப்பது அடிக்கடி கிடைக்காத சுகம். அந்தச் சுகத்துக்கு ஆசைப்பட்டேன்.

ஓய்வு பெறும் வரை நான் பார்த்தது கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலை. ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே அறைகளைச் சோதிப்பேன். தொழிற்சாலைகளில் கதிர் வீசும் கருவிகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். மீதி நேரத்தில், விபத்து நடந்தால் முதலில் ஓடிப் போகிற தீயணைப்புப் படையான போம்பாக்காரர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஆட்களுக்கும் வகுப்பு எடுப்பேன். மலாயில் எடுத்தேன், ஆங்கிலத்தில் எடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் எந்த மொழியாக இருந்தாலும் முன்வரிசையிலேயே குறட்டை கேட்கும். தமிழில் மட்டும் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. தமிழில் எடுத்தால் எப்படி வெளுத்து வாங்கியிருப்பேன் என்ற கர்வம் மட்டும் உள்ளே பத்திரமாக இருந்தது.

ஊரடங்கெல்லாம் முடிந்து ஓரிரு வருடம் கழித்து அந்த வாய்ப்பு வந்தது. கிள்ளானில் ஒரு கோயில். அதன் தொண்டர் படையில் நாற்பது பேர். பெரும்பாலோருக்கு மேரு பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் வேலை. அந்தச் சாலைகளில் லோரி கவிழ்ந்தால் போம்பா வருவதற்கு முன்னால் இவர்கள்தான் நிற்பார்கள். கோயில் தலைவர் துறைமுகத்தில் லோரிக் கம்பெனி வைத்திருப்பவர். விதி, சட்டம், நோட்டீஸ் என்றால் உயிர். அவர்தான் என்னைக் கூப்பிட்டார். முதலுதவி எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று, இந்த மூன்று இலைக் காத்தாடி மாதிரிக் கதிர்வீச்சுக் குறி போட்ட பெட்டி கிடந்தால் என்ன செய்வது என்று மட்டும் தமிழில் சொல்லிக் கொடுங்கள் என்றார்.

எனக்கு ஒரே ஒரு சிக்கல். இந்தப் பாடத்தில் இரண்டு விஷயம் புரிந்தால் போதும். ஒன்று, கதிர் ஆள் மேல் படுவது. இன்னொன்று, கதிர் வீசும் தூசு ஆள் மேல் ஒட்டுவது. கதிர் பட்ட ஆளிடமிருந்து நமக்கு ஒன்றும் வராது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவர் பக்கத்தில் நாம் உட்காருவதில்லையா, அப்படித்தான். தூசு ஒட்டியிருந்தால் மட்டும் மேல் உடுப்பைக் கழற்றி, பையில் போட்டுக் கட்டி, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்த ஒட்டுவதற்குத் தமிழில் என்ன சொல்வது? அகராதி 'மாசுபாடு' என்றது. அதைக் கேட்டால் எனக்கு ஆற்றில் செத்து மிதக்கும் மீன்தான் ஞாபகம் வந்தது.

வகுப்பு அன்று காலை, பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பளிச்சென்று வந்தது: தீட்டு. எங்கள் வீட்டில் அதைத் துடக்கு என்போம். யாழ்ப்பாணத்து வழக்கம். கிள்ளானில் தீட்டு என்றால்தான் விளங்கும். பாதி முகத்தில் நுரையோடு அந்தக் கண்ணாடி முன்னால் நின்று நான் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தூசு கழுவினால் போய்விடும். தீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. தூசு ஒட்டியவரோடு நின்றுவிடும். தீட்டு பங்காளி வீடு வரை நடந்து போகும். பௌதிகத்துக்குப் பங்காளி கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும், கேட்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடுமே என்று மீதி முகத்தை வழித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிடிபட்டது. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வெளிக் குழாயிலேயே குளிப்போம் என்றார்கள். உடுத்தின துணியை? அங்கேயே வாளியில் போட்டுவிடுவோம். குளிப்பதற்கு முன்னால் ஏதாவது சாப்பிடுவீர்களா? பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கதிர் தூசுக்கும் இதேதான், கழற்று, கழுவு, அதுவரை கையை வாய்க்குக் கொண்டு போகாதே, இதற்குப் பெயர் கதிர்த் தீட்டு என்றேன். இருபது வருடமாக மலாயில் மூச்சு வாங்க விளக்கியதை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஒருவர்கூடத் தூங்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "சார், இந்தத் தீட்டு எத்தனை நாளைக்கு?"

நான் கொடுத்த தாளில் அரை ஆயுள் பட்டியல் இருந்தது. ஒரு பொருளின் கதிர்வீச்சு பாதியாகக் குறைய எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற கணக்கு. அதில் சீசியத்தைக் காட்டி, "இதுக்கு முப்பது வருஷம்" என்றேன். மண்டபமே சிரித்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பதிலா முப்பதாவது வருஷக் காரியமா என்று யாரோ கேட்க, இன்னும் சிரித்தார்கள். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா. வார்டு சிஸ்டராக இருந்தவர். தொண்டர் படைக்கு முதலுதவி சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கையைத் தூக்கிவிட்டு எழுந்து நின்றார்.

"சார், அந்த வார்த்தை வேணாம். அழுக்குன்னு சொல்லுங்க. அழுக்கு துணியில இருக்கும், கழுவினா போயிடும். தீட்டு ஆள் மேல நிக்கும். அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை மாசத்துல மூணு நாள் அடுப்படிக்கு வெளிய உக்கார வச்சாங்க. நீங்க படிச்சவங்க."

அவர் சொன்னது, காலையில் கண்ணாடி முன்னால் நான் எனக்கே சொல்லிக்கொண்டதுதான். ஒத்துக்கொண்டிருக்கலாம். "சிஸ்டர், ஊசியை நீங்க போடுங்க. தமிழை நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. என் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: காயம்பட்டவர் உயிருக்குப் போராடினால், கதிர்வீச்சைக் காரணம் காட்டித் தாமதிக்கக் கூடாது; கையுறை போட்டுக்கொள், முகத்தை மூடிக்கொள், போய் ஆளைக் காப்பாற்று, மற்றதெல்லாம் பிறகு. இந்தப் பாடத்தில் இதைவிடப் பெரிய வரி கிடையாது. முத்தாய்ப்பாக வைக்க வேண்டும் என்று கடைசியில் போட்டிருந்தேன். தீட்டுச் சிரிப்பில் நேரம் ஓடிவிட்டது. மண்டபத்துப் பின்கட்டிலிருந்து தாளித்த வாசனை வந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துவிட்டேன். வகுப்பில் கொடுத்த தாளை வீட்டில் படித்த மனிதரை என் வாழ்நாளில் நான் சந்தித்ததில்லை.

அன்று தாளித்துக்கொண்டிருந்தவர்தான் நான் சொன்ன சமையல்காரர். ஜெஞ்சாரோமிலிருந்து வருகிறவர், ஐம்பது வயதிருக்கும். பதினெட்டு வருடமாகக் கோயில் அன்னதானம் அவர் கையில். கிள்ளானில் பாதிக் கல்யாணங்களும் அப்படியே. அவரும் தொண்டர் படையில் இருந்தார். ஆனால் நாற்பது பேருக்கு மீ ஹூன் சேமியா பிரட்ட வேண்டியிருந்ததால் வகுப்பில் உட்காரவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, மேரு சாலையில் ஒரு விபத்து. சாலை போடும் கம்பெனி ஒன்றின் பிக்கப் வண்டியை லோரி பின்னால் இடித்து, வண்டி ஓரத்துக் கால்வாயில் தலைகுப்புறச் சரிந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் பெட்டி புல்லில் வந்து விழுந்தது. மூன்று இலைக் குறி போட்டது. சாலைக்குப் போட்ட மண் இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி. உள்ளே கடுகளவு சீசியம், இரும்பு உறைக்குள் மூடி முத்திரை வைத்திருப்பார்கள். பெட்டி உடையவில்லை. தூசு இல்லை. ஒட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

பின்னால் வந்த காரில் என் மாணவர்கள் நான்கு பேர். குறியை உடனே அடையாளம் கண்டார்கள். முப்பது மீட்டர் தள்ளி நில் என்று சொல்லியிருந்தேன். நீளக் காலெடுத்து முப்பது தப்படி வைத்து எண்ணினார்கள். காற்று முதுகிலிருந்து வரும் பக்கமாக நின்றார்கள். வண்டிகளை நிறுத்தினார்கள். 999க்குப் போன் செய்து பெட்டியைப் பற்றித் தெளிவாகச் சொன்னார்கள். எல்லாம் சரி. வண்டிக்குள் இருந்த இந்தோனேசிய இளைஞனுக்குத் தொடையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கத்திக்கொண்டிருந்தான். அவர்கள் முப்பது மீட்டரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்தது சமையல்காரரின் வேன். பாசாரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு வந்தவர். இறங்கி நேராக நடந்தார். அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள்: "அண்ணே, போகாதீங்க. அது தீட்டு லா." இவருக்கு அது விளங்கவில்லை. யாரோ செத்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று நினைத்து, "இல்லப்பா, உசிரு இருக்கு, கத்துறான் பாரு" என்று பதில் சொல்லிவிட்டுக் கால்வாயில் இறங்கியிருக்கிறார். தோளில் கிடந்த துண்டை மடித்துத் தொடையில் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை முழங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். போம்பா வந்தது. கருவி வைத்துப் பெட்டியைப் பார்த்தார்கள், அவரையும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்த இளைஞன் பிழைத்தான். தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

என் வகுப்பைக் கேட்ட நான்கு பேர் தள்ளி நின்றார்கள். கேட்காத ஒருவர் சரியாகச் செய்தார். ஆசிரியனாக இருந்தவனுக்கு இதைவிடத் தெளிவான மதிப்பெண் கிடையாது. ஆனால் அன்று எனக்கு வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. போம்பாவில் எனக்குத் தெரிந்த அதிகாரி போன் செய்து, உங்கள் ஆட்கள் குறியை அடையாளம் கண்டு அருமையாகத் தடுப்புப் போட்டிருந்தார்கள், பெட்டியும் பத்திரம், ஒரு கோயில்காரர் காயம்பட்டவரைப் பிடித்திருந்தார், அவருக்கும் ஒன்றுமில்லை என்று பாராட்டினார். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு பதிவு போட்டு, கட்டை விரல்கள் எத்தனை வருகின்றன என்று மாலை வரை எண்ணினேன். அந்தக் கோயில்காரர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போனேன். அன்னதானச் சாம்பாரில் முருங்கைக்காய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று ஒன்றோடொன்று பேசாமல் கிடந்தன. சமையல்காரர் எங்கே என்று பரிமாறிய தொண்டரிடம் கேட்டேன்.

"அவருக்குத் தீட்டு சார்."

"அடடா. யார் தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. நீங்க சொன்ன தீட்டு. மேரு பெட்டி."

எத்தனை நாளாக என்று கேட்டேன். அன்றையிலிருந்தே என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்: "முப்பது வருஷம்னுதான் உங்க தாள்ல இருக்கு. ஆனா தலைவர் நல்ல மனுஷன். அரை ஆயுள்னு போட்டிருக்கிறதால பாதி போதும், பதினஞ்சு வருஷத்துல விட்டுடலாம்னு பேசிக்கிட்டு இருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதையும் மறைக்கப் போவதில்லை. சிரிப்பு நெஞ்சு வரை வந்து, அங்கே எதிலோ முட்டி நின்றது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு கல்யாண வீடுகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. அவருடைய தம்பி குடும்பம் பால்குடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தம்பி பங்காளி அல்லவா. பத்து நாளில் திருவிழா. அதன் அன்னதானத்துக்கு அவர் அடுப்புப் பற்ற வைக்காவிட்டால், கிள்ளானே அதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு எந்த வீட்டிலும் யாரும் அவர் கையால் சாப்பிட மாட்டார்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, நிமிராமலே, "இஞ்சருங்கோ, துடக்கு அந்தாளுக்கில்லை. உங்கட வாய்க்கு" என்றாள்.

மறுநாள் ஜெஞ்சாரோம் போனேன். செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் சாலையில் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டு முற்றத்தில் பெரிய அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் ஒத்திகை பார்த்ததில் ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் அவரே கேட்டார்.

"சார், எனக்கு ஒண்ணும் ஆகலன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே."

"மூணு வாரமா யார்கிட்டயும் சொல்லலியா?"

உங்களை ஒதுக்கியது எனக்குத் தெரியாது என்றேன். கேட்டீர்களா என்றார். இல்லை என்றேன். அவர் ஒரு அண்டாவை நிமிர்த்தி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்தார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரவில் தான் தூங்கும்போதுகூட மனைவி சந்தேகத்தோடு தன்னைத் தொட்டுப் பார்க்கிறாள், சூடாக இருக்கிறதா என்று, எனச் சாதாரணமாகச் சொன்னார்.

இதை ஒரே நாளில் சரி செய்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். படித்தவன் அல்லவா, கருவி இருந்தால் போதும் என்று நினைத்தேன். பழைய சகா ஒருவரிடம் கதிர் அளக்கும் மீட்டரை இரவல் வாங்கிக்கொண்டு, கோயில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போனேன். சமையல்காரரையும் வரவழைத்தேன். எல்லோர் முன்னாலும் மீட்டரைப் போட்டேன்.

டிக் என்றது. சற்று நேரம் கழித்து டிக், டிக் என்றது.

தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கேட்டிங்களா?" என்று மற்றவர்களைப் பார்த்தார்.

இது எங்கேயும் கேட்கும், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருவது, எப்போதும் நம் மேல் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். எப்போதும் படுகிறது என்ற செய்தி அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. தலைவர் மேல் வைத்துக் காட்டினேன். டிக். சமையல்காரர் மேல் வைத்தேன். டிக். இரண்டும் ஒன்றுதான், பாருங்கள் என்றேன். அத்தோடு மீட்டரை அணைத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டிவிட்டார்கள். தலையாட்டலைக் கண்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சாதாரணக் கல்லில்கூட இதைவிட அதிகம் உண்டு, காட்டட்டுமா என்று வெளியே நடந்து, கொடிமரத்தடிக் கருங்கல் பீடத்தின் மேல் வைத்தேன். கருங்கல்லில் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும். மீட்டர் கடகடவென்று பேச ஆரம்பித்தது.

ஒருவர், "சாமிக்கே தீட்டுன்னு சொல்றீங்களா?" என்றார். இன்னொருவர், அது தீட்டு இல்லை, சக்தி என்றார். அப்படியானால் சமையல்காரரிடம் சக்தி குறைவா என்றார் மூன்றாமவர். அதற்குள் தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குருக்கள் உள்ளேயிருந்து வந்து, அந்தப் பெட்டியை யார் செருப்புக் காலோடு இங்கே கொண்டு வந்தது என்று கேட்டார். நான்தான். கூட்டம் கலைந்தது. சமையல்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது, "கருவி நல்லா வேலை செய்யுது சார்" என்றார்.

அடுத்த தவறை இன்னும் அவசரமாகச் செய்தேன். தலைவரைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். அவரும் வழி தேடிக்கொண்டுதான் இருந்தார். புதுச் சாம்பார் அவருக்கும் பிடிக்கவில்லை. "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு லா சார். சும்மா எப்படி உள்ள விடுறது? ஒரு சின்னப் பரிகாரம். தீர்த்தம் தெளிச்சா தீர்ந்துச்சு. அஞ்சு நிமிஷம்." எனக்கு அது அருமையான யோசனையாகத் தெரிந்தது. பௌதிகத்தில் முடியாததை ஐந்து நிமிடத்தில் முடிக்கலாமே. உடனே சமையல்காரருக்குப் போன் செய்தேன், நல்ல செய்தி என்றே ஆரம்பித்தேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "சார், தண்ணி தெளிச்சா, தீட்டு இருந்துச்சுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். ரத்தம் போய்க்கிட்டு இருந்தவனைப் பிடிச்சேன். அதுக்கு எதுக்குப் பரிகாரம்? நான் வீட்டுலயே இருந்துக்கறேன்." போனை வைத்துவிட்டார்.

நாற்பது வருடம் பாதுகாப்பு படித்தவன் நான். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். இல்லாத ஒன்றைக் கழுவக் கூடாது என்ற விஷயம் அவருக்குத்தான் விளங்கியிருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அதை நான் இரண்டு தடவை சுற்றிப் போயிருந்தேன். திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்து, மண்டபம் நிறைந்திருந்தபோது தலைவரிடம் மைக் கேட்டேன். எனக்கு முன்னால் வெள்ளை நிறக் கார் ஒன்று வாசலை மறித்திருப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். கார்க்காரர் அதை எடுத்துவிட்டு வரும்வரை காத்திருந்தேன்.

"வகுப்புல கதிர்த் தீட்டுன்னு சொன்னது நான்தான்," என்றேன். "அப்படி ஒண்ணு கிடையாது. நீங்க சிரிக்கணும்னு சொன்னேன். அது தப்பான வார்த்தைன்னு எனக்கு அன்னைக்குக் காலையிலயே தெரியும். சிஸ்டர் எழுந்து சொன்னாங்க, அவங்களைக் கேலி பண்ணி உக்கார வச்சேன். சிஸ்டர், என்னை மன்னிக்கணும். முப்பது வருஷம்னு சொன்னதும் கேலிதான். மேரு பெட்டியில இருந்து ஒரு துளி வெளிய வரல. வந்திருந்தாலும் நம்ம சமையல் அண்ணன் செஞ்சதுதான் சரி, உசிருதான் முதல்ல. அதை எழுதின பக்கத்தை நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டல. அவரு வகுப்புக்கே வரல, ஆனா அவர் ஒருத்தர்தான் பாஸ்."

சிரிக்க வைக்க நினைத்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மைக்கை வாங்கி, விதிப்படி ஒரு விளக்கம் கேட்டார்: "அப்ப, இருந்து போயிடுச்சா, இல்ல இருக்கவே இல்லியா?"

"இருக்கவே இல்ல."

"பதினஞ்சு வருஷம்?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அப்ப சாம்பார் நாளைலேர்ந்து மாறுமா?" என்றது. அதற்குத்தான் சிரித்தார்கள். சிஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எழுந்து போய், அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி சமையல்காரருக்குப் போன் செய்து, தன் பேத்தி சடங்குக்கு நூறு பேருக்குச் சமைக்க முடியுமா என்று கேட்டார். பேத்திக்கு அப்போது ஐந்து வயதுதான் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சமையல்காரரைத் தலைவர் நேரில் போய் அழைத்தார். தண்ணீர் தெளிக்கவில்லை. தம்பி குடும்பம் பால்குடம் எடுக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு அவர் வந்தார். திருவிழா அன்று நான் சீக்கிரமே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன், நான் சாப்பிடுவதை எல்லோரும் பார்க்கட்டும் என்று. அவர் கரண்டியோடு நிமிர்ந்து, "சார், சீனியர் சிட்டிசன் வரிசை அந்தப் பக்கம்" என்றார். அங்கே போய் நின்றேன். எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று எழுத ஆசை. முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டார்கள். சிலர் தட்டோடு வந்து, அண்டாவுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்ததும் வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவரும் அதைப் பார்த்தார். கிண்டிக்கொண்டே இருந்தார். கல்யாண வீடுகளில் ஒன்று திரும்பி வந்தது. மற்றது வரவில்லை.

வகுப்பை மறுபடி நடத்த வேண்டும் என்று கேட்டேன். சிஸ்டர் நடத்துவதாக ஒப்புக்கொண்டார்; நான் நாற்காலி போடலாம் என்றார். கடைசிப் பக்கம் இப்போது முதல் பக்கம். கதிர் படுவதற்கும் தூசு ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சமையல்காரர் சொல்கிறார், மண்டபத்துப் பின்கட்டில், எரிகிற அடுப்பை வைத்துக்கொண்டு. பெரிய அடுப்புக்கு முன்னால் ஒருவரை நிறுத்துவார். "சுடுதா? தள்ளிப் போ. இப்ப சுடுதா? இல்லல்ல. உன்னைத் தொட்டா இவனுக்குச் சுடுமா?" பிறகு கையில் கோதுமை மாவைத் தடவிவிட்டு, "இப்ப கைகுடு. ஒட்டுச்சா? அதான். போய்க் கழுவு, போயிடும்" என்பார். அவ்வளவுதான். நான் இருபது வருடம் சொன்ன பாடம். தீட்டு என்ற சொல் அந்த வகுப்பில் எங்கேயும் வராது. போன மாதம் ஒரு புது ஆள், அன்று வீட்டுக்குப் போய்க் குளித்தீர்களா அண்ணே என்று அவரைக் கேட்டார். "குளிச்சேன். கால்வாய்ல இறங்கினா குளிக்க மாட்டியா?" என்றார்.

வகுப்பு முடிந்ததும் சாப்பாடு. எல்லோரும் அங்கேயே வரிசையாக உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் பொட்டலம். "சாருக்கு ட்ரெயின் இருக்கு" என்று சொல்லி, ரசத்தைத் தனியாகப் பையில் கட்டி, அப்பளம் நொறுங்காதபடி மேலே வைத்துக் கொடுப்பார். கிள்ளானிலிருந்து அரை மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். நான் நாற்காலிகளை அடுக்கிவிட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கிறேன்.